தாய் இல்லாத தட்டுகள்

குழந்தையின் பிடரியில் இருந்த அந்த வெள்ளைப் புள்ளியை முதலில் ஈர் என்றுதான் அவள் நினைத்தாள்.

வகுப்பில் பாதிப் பேருக்குப் பேன் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பால்கனியில் பழைய துண்டை விரித்து, மகளை முக்காலியில் உட்கார வைத்து, தோள்வரை தொங்கிய முடியை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தாள். மகளுக்கு ஆறு வயது. வயதுக்கு ஒரு சுற்றுச் சின்ன உருவம் என்பதால் வீட்டில் பெயர் சுண்டு. கத்தரிக்கோல் காதுக்குப் பின்னால் போனதும், "கூசுதும்மா" என்று தோளைத் தூக்கினாள். முடி விலகிய இடத்தில், வலது காதுக்குக் கொஞ்சம் பின்னால், கடுகில் பாதி இருக்கும் ஒரு புள்ளி. நகத்தால் சுரண்டினாள், வரவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள், அப்போதும் வரவில்லை. ஈர் என்றால் முடியில்தான் ஒட்டும், தோலில் ஒட்டாது. இது அவளுக்குத் தெரியாததா? முட்டைகளோடு மாரடிப்பதுதான் அவள் பிழைப்பே.

அது பெயிண்ட்.

தண்ணீரில் கரையாத, சீக்கிரம் உலர்கிற, மங்காத வெள்ளை. தினமும் அவள் கையாலேயே தொட்டு வைக்கிற வெள்ளை.

"என்னம்மா, பேனா?" என்று சுண்டு கேட்டாள்.

"இல்லடா. ஆடாம உட்காரு."

மிச்ச முடியையும் வெட்டி முடித்தாள். இடது பக்கம் கொஞ்சம் ஏற்ற இறக்கமாகப் போயிற்று. துண்டை உதறும்போது ஒரு வாசனை வந்தது. ஈரத்தில் மறந்துபோன ரொட்டியின் வாசனை, பூசண வாசனை. மழை பெய்து மாதக்கணக்காகிறது, வீட்டில் கசியும் சுவர் ஒன்றும் கிடையாது. துண்டை மூக்கில் வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனைதான். வாசனை துண்டிலிருந்து வரவில்லை.

அவள் வேலை செய்வது ஒரு பூச்சி ஆராய்ச்சிக்கூடத்தின் கீழ்த்தளத்தில். அங்கே ஓர் இருட்டறை, அதற்குப் பொறுப்பு அவள். உள்ளே இருப்பவை இடுக்கிப்பூச்சிகள்: ஒரு விரற்கணு நீளம், பழுப்பு உடம்பு, வாலில் குறடு மாதிரி ஓர் இடுக்கி. தூங்குகிறவர் காதுக்குள் புகுந்து மூளையைக் குடைந்துவிடும் என்று எந்தப் புண்ணியவானோ கட்டிவிட்ட கதையால் ஊர் முழுக்க அதற்குக் கெட்ட பெயர். உண்மையில் அதைப்போல ஒரு பாவப்பட்ட தாயைப் பார்க்க முடியாது. பெட்டைப்பூச்சி மண்ணைக் குடைந்து நாற்பது முட்டை இடும். அப்புறம் வாரக்கணக்கில் நகராது, சரியாகத் தின்னாது. ஒவ்வொரு முட்டையாக வாயில் எடுத்து நக்கி, புரட்டி வைத்து, அடுத்ததை எடுக்கும். நாற்பதும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. ஏனென்றால் நக்காத முட்டையில் பூசணம் ஏறிவிடும். முதல் நாள் வாசனை, இரண்டாம் நாள் மெல்லிய நூல், மூன்றாம் நாள் முட்டை முழுக்க வெள்ளை மயிர். நான்காம் நாள் பார்க்க வேண்டியதே இல்லை.

இப்போது அங்கே நடக்கிற சோதனை இதுதான். ஒரு தாயின் முட்டைகளை எடுத்துவிட்டு வேறொருத்தியின் முட்டைகளை வைத்தால் அவள் கண்டுபிடிப்பாளா? இருபது டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தாய். வெளியிலிருந்து பிடித்துவந்த பூச்சிகளின் முட்டைகளை அவர்களுக்கு வைத்தாள். மாற்றிவைத்தது என்று அடையாளம் தெரிய, ஒவ்வொரு குவியலிலும் ஒரு முட்டைக்கு மட்டும் ஒற்றை மயிர்த் தூரிகையால் வெள்ளைப் புள்ளி. அந்தத் தாய்களின் சொந்த முட்டைகள் இருபது கண்ணாடித் தட்டுகளில் அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போயின. தாய் நக்காவிட்டால் பூசணம் எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும். அவற்றைத் திருப்பிக் கொடுப்பதில்லை. 'தாய் இல்லாத தட்டுகள்' என்று நோட்டில் பெயர் எழுதி வைத்ததும் அவள்தான். எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை.

அன்று இருட்டறையில் சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு நின்றபோது எல்லாம் தோன்றியது. இந்தப் பூச்சிகளுக்கு இருட்டில்தான் நடமாட்டம். அதனால் அங்கே இரவும் பகலும் தலைகீழ்: இரவெல்லாம் விளக்கு எரியும், பகலில் கும்மிருட்டு. சிவப்பு வெளிச்சம் அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. முகத்துக்கு நேரே குனிந்து நின்றாலும் தாங்கள் தனியாக இருப்பதாகத்தான் அவை நினைக்கும். வேலை நாட்களில் தினமும் நான்கு மணிக்கு ஒவ்வொரு மூடியாகத் திறப்பாள். மூடி இறுக்கமானது. திறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று ஒரு சின்ன உறிஞ்சலாக வெளியே வரும். அந்த ஒரு கணம் தாய்ப்பூச்சி அசையாமல் நிற்கும், உணர்கொம்புகள் பின்னால் மடங்கும், வால் இடுக்கி மேலே எழும். அப்புறம் மறந்துவிட்டு முட்டைக்குத் திரும்பும்.

நான்கு மணி. மூடி. உறிஞ்சல்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அவளுக்குக் காது அடைத்தது நினைவுக்கு வந்தது. சமையலறையில் நின்றிருந்தாள். லிப்டில் விறுவிறுவென்று இறங்கும்போது அடைப்பதுபோல இரண்டு காதும் அடைத்தன. வீட்டின் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மெல்ல ஆடி நின்றன. காற்றே இல்லாத நாள். கையில் கரண்டியோடு அசையாமல் நின்றாள், ஏன் நின்றோம் என்று தெரியாமல். அப்புறம் காது திறந்தது. மறந்துவிட்டு வேலையைப் பார்த்தாள். சுண்டு அப்போது உள்ளறையில் மதியத் தூக்கத்தில் இருந்தாள்.

இருந்தாளா?

இது பைத்தியக்காரத்தனம், கையில் இருந்த பெயிண்ட் தலைவாரும்போது ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பத்தொன்பதாம் டப்பாவைத் திறந்தாள். அதிலிருந்த தாய் மற்ற முட்டைகளை விட்டுவிட்டுப் புள்ளி வைத்த ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தது. நக்குகிறது, வைக்கிறது. மறுபடி எடுக்கிறது, அதே இடத்தை நக்குகிறது. எவ்வளவு நேரமாக அப்படிச் செய்கிறதோ. நோட்டில் எழுத வேண்டும். அவள் எழுதவில்லை.

சாயங்காலம் கைப்பை அடியில் ஒரு பூதக்கண்ணாடியைப் போட்டு எடுத்துவந்தாள்.

வீட்டுக்காரர் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். அவருக்கு எந்தக் கோளாறும் ஒரு திருகாணியில் முடிந்துவிட வேண்டும். மகளின் பிடரியை விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் கை எப்பத்தான் பெயிண்ட் இல்லாம இருந்திருக்கு? போன மாசம் என் சட்டையில வச்ச" என்றார்.

"எனக்கு என்னமோ பயமா இருக்குங்க. வீட்டுல பூசண வாடை வரலையா உங்களுக்கு?"

"வரலையே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீ அந்த இருட்டறையில வேலை பார்க்கிறதை விட்டுத் தொலை." பிறகு குரலைத் தாழ்த்தி, "குழந்தை முன்னாடி இப்படி முழிக்காத" என்றார்.

தூங்கப்போகும் சுண்டுவின் பிடரியில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். தெரியாமல் பட்ட பெயிண்ட் பரவியிருக்கும், கோடு இழுத்திருக்கும். இது பரவவில்லை. வட்டம் சுத்தமாக முடிந்து, ஓரத்தில் தூரிகையைத் தூக்கிய இடத்தில் மட்டும் ஒரு பொடி வால். தூரிகையை நேராகத் தூக்காமல் லேசாகச் சாய்த்துத் தூக்கினால் அந்த வால் விழும். பழக்கம் வர அவளுக்கு மூன்று மாதம் ஆயிற்று. இதை வைத்த கைக்கும் பழக்கம் இருந்தது. இதை வைத்த தூரிகையிலும் ஒரே ஒரு மயிர்தான் இருந்திருக்க வேண்டும். அந்த மயிர் எவ்வளவு தடிமன் இருக்கும் என்று நினைத்தபோது அவள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆராய்ச்சிக்கூடத்தின் மேல்மாடி அறையில் வேலை செய்யும் வகைப்பாட்டுக்காரர் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு பூச்சி எந்த இனம் என்று தெரிய இரண்டிரண்டு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். இடுக்கி நேரா, வளைந்ததா? நேர் என்றால் அடுத்த கேள்வி. உணர்கொம்பில் கணுக்கள் பதினைந்துக்கு மேலா, கீழா? கீழ் என்றால் அதற்கடுத்தது. கடைசியில் ஒரு பெயர் வரும். மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் அப்படித்தான் போனாள். இடது முட்டியில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு உண்டா? உண்டு. தொப்புளுக்கு மேல் மச்சம்? உண்டு. வலது கால் சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறியிருக்கிறதா? ஏறியிருக்கிறது. நீச்சல்குளத்தில் யார் உன்னைத் தூக்கினது? "நீதாம்மா. செருப்போட குதிச்சிட்ட." சிரிப்பு அதே சிரிப்பு. விழுந்த இரண்டு முன்பற்களின் சந்தில் நாக்கை நீட்டுகிற பழக்கமும் அதேதான்.

எல்லாக் கேள்விக்கும் ஆம். கடைசியில் மகளின் பெயர் வந்தது. ஆனால் வகைப்பாட்டுக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அட்டவணையில் இல்லாத பூச்சியைக் கொண்டுவந்து வைத்தாலும், அட்டவணை ஏதாவது ஒரு பெயரைச் சொல்லித்தான் முடியும். அதற்கு 'தெரியாது' என்று சொல்லத் தெரியாது.

இதைவிடக் கொடுமை வேறொன்று. அவளுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை. இவள் என் பிள்ளை இல்லை என்று நெஞ்சுக்குள் ஏதாவது ஒரு மூலை சொல்லும் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. சுண்டு தூக்கத்தில் காலை அவள் வயிற்றின் மேல் போட்டபோது எப்போதும்போல மனசு நிறைந்து வழிந்தது. அந்தப் பாசத்தைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். குயிலின் குஞ்சும் காக்கைக்குப் பொன் குஞ்சுதானே.

பூசண வாசனை போகவில்லை. எழுந்து தேடினாள். செருப்பு அலமாரியை நகர்த்தினாள். குளியலறை மூலை, துவைக்கும் இயந்திரத்தின் பின்புறம், பரணில் பழைய பெட்டி, ஒன்றையும் விடாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எல்லாம் காய்ந்து கிடந்தது. ஓர் இடத்தில் வாசனை கூடும், அடுத்த அடியில் இல்லாமல் போகும். திரும்பினால் சுண்டு வெட்டிய தலையோடு கதவருகில் நின்றிருந்தாள்.

"என்னம்மா தேடுற?"

"ஒண்ணுமில்லடா. நீ ஏன் எழுந்த?"

"நானும் தேடவா?"

அந்தக் கேள்வியில் விஷமம் எதுவும் இல்லை. உதவி செய்ய ஆசைப்படுகிற பிள்ளையின் கேள்விதான். அவள் மகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள். கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பூச்சிக்குத் தெரியாத வெளிச்சம் சிவப்பு. நமக்குத் தெரியாத வெளிச்சம் எது? அறை இருட்டாக இருந்தது. இருட்டு என்றுதான் அவள் கண் சொன்னது.

புதன்கிழமை. ஞாயிறு நான்கு மணியிலிருந்து கணக்கிட்டால் இன்று நான்கு மணியோடு மூன்று நாள்.

காலையில் பத்தொன்பதாம் டப்பாவைத் திறந்தாள். முட்டை ஒன்றுகூட இல்லை. சில ஓடுகள், நடுவில் அந்தத் தாய். தின்றுவிட்டிருந்தது. இருபது பேரில் அது ஒன்றுதான் கண்டுபிடித்தது. விதிப்படி அதை ஸ்பிரிட் குப்பியில் போட்டு, 'ஏற்கவில்லை' என்று சீட்டு ஒட்டி மேலே அனுப்ப வேண்டும். டப்பாவை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு படியேறினாள்.

வகைப்பாட்டுக்காரருக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் பெயர் 'இடுக்கி சார்'. பெட்டைப்பூச்சிக்கு இடுக்கி நேர், ஆணுக்கு வளைவு. அவர் மீசை இரண்டு பக்கமும் உள்நோக்கி வளைந்திருக்கும் என்பதால் வந்த பெயர். அவருக்கும் தெரியும், ரசிப்பார். அவரைச் சுற்றிச் சுவர் உயரத்துக்கு இழுப்பறைகள், அவற்றில் குப்பிகள், குப்பிகளில் உலகத்து இடுக்கிப்பூச்சிகள் எல்லாம் குடும்பம் குடும்பமாக.

"சார், ஒண்ணு கேக்கணும். ஒரு தாய்க்குத் தெரியவே தெரியாதா, தன்னோடது எது, இல்லாதது எதுன்னு?"

"உட்காரும்மா. முகமே சரியில்லையே." அவர் ஒரு குப்பியை வெளிச்சத்துக்குத் தூக்கினார். "இதைப் பாரு. எலி மயிருக்குள்ள வாழுது. கண்ணு இல்ல, றெக்கை இல்ல, இடுக்கி இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு குச்சி. முட்டை போடாது, குட்டிதான் போடும். இது நம்ம ஜாதியே இல்லன்னு எத்தனையோ வருஷம் வெளியில வச்சிருந்தாங்க. கடைசியில பார்த்தா இதுவும் இடுக்கிப்பூச்சிதான். உருவம் வேறயா இருந்தா வேற இனம்னு சொல்ல முடியாது. ஒரே மாதிரி இருந்தா ஒரே இனம்னும் சொல்ல முடியாது. நாப்பது வருஷமா இதையே பார்க்கிற எனக்கே தெரியல. அதுக்கு எப்படித் தெரியும்?"

"இதுக்குத் தெரிஞ்சிருச்சு சார்." டப்பாவை நீட்டினாள்.

அவர் எட்டிப் பார்த்தார். மீசையைத் தடவினார். "தெரிஞ்சு என்னம்மா பிரயோஜனம்? தெரிஞ்சதுங்க எல்லாம் என் அலமாரியிலதானே இருக்கு."

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் டப்பாவோடு வெளியே வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மறுத்தால் தாய்க்குக் குப்பி. ஏற்றாலும் முட்டைக்குத் தட்டுதான். எந்தப் பக்கம் போனாலும் சொந்த முட்டை திரும்பி வராது. விதியை எழுதியது யார்? அவளேதான். இதில் இரக்கத்துக்கு ஒரு வரிகூட இடம் வைக்கவில்லையே என்று முதல்முறையாகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. முந்தைய சோதனையில் ஒருமுறை மனசு கேட்காமல், மூன்றாம் நாள் பூசணம் ஏறிய ஒரு தட்டை அதன் தாயிடமே திருப்பி வைத்தாள். நோட்டில் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பஞ்சால் துடைத்தால் போகாத, தூரிகையால் போகாத அந்த வெள்ளை மயிரை அந்தத் தாய் ஒரே நாளில் நக்கி எடுத்துவிட்டது. நாற்பதில் பதினொன்று பொரிந்தது.

அவளுக்கு ஒருமுறை மனசு இளகியதே. மூடியைத் திறக்கிற இன்னொரு கைக்கும் இளகாதா?

வேண்டுதல் என்றால் சும்மா வருமா? ஏதாவது கொடுத்தாக வேண்டும். மதியம் மூன்றரைக்கு இருட்டறைக் கதவை உள்பக்கம் தாழிட்டாள். கீழ்த்தட்டிலிருந்து இருபது தட்டுகளையும் எடுத்து மேசையில் பரப்பினாள். ஏழு மாத உழைப்பு, இந்த வேலை, மேலே கையெழுத்துப் போட்டவர்களின் நம்பிக்கை எல்லாம் போகும். போகட்டும். "திருப்பிக் கொடுத்துடறேன்" என்று யாரிடமோ சொன்னாள். "எல்லாத்தையும் கொடுத்துடறேன். என்னோடதைக் கொடுத்துடுங்க."

தட்டுகளில் நூல் ஓடத் தொடங்கியிருந்தது. ஒன்றாம் எண் தட்டு ஒன்றாம் டப்பாவுக்கு, அங்கே ஏற்கெனவே இருந்த முட்டைகளுக்குப் பக்கத்திலேயே. இரண்டு, இரண்டுக்கு. ஏழாம் தட்டை எடுத்தபோது அது ஏழுதானா என்று தெரியவில்லை. ஈரத்தில் மை கரைந்து, சீட்டில் நீலக் கறைதான் இருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். மொத்தம் பன்னிரண்டு தட்டுகளில் எண் இல்லை. மணி நான்காகப் பத்து நிமிடம். இருக்கிற வரிசையை வைத்து, இது இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து வைத்துக்கொண்டே போனாள். எதை வைத்தால் என்ன, இவற்றுக்குத்தான் தெரியாதே. எதைக் கொடுத்தாலும் நக்கத்தானே போகின்றன. அந்த நினைப்பு அப்போது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

கடைசியில் பத்தொன்பது. அதைக் குப்பியில் போடவில்லை. கையில் இருந்த கடைசித் தட்டை அதன் முன் கவிழ்த்தாள். அந்தத் தாய் நின்றது, கொம்பை நீட்டியது, ஒரு முட்டையை வாயில் எடுத்தது. அவள் மூடியைச் சாத்திவிட்டு அழுதாள்.

பேருந்தில் நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. தெருமுனைக் கடை, இஸ்திரி வண்டி, சைக்கிள் பூட்டும் பிள்ளைகள், எல்லாம் சாயங்கால வெயிலில் எப்போதும்போல இருந்தன. புதன்கிழமைகளில் சுண்டுவைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. அவள் வந்ததும் அவர் வேலைக்குக் கிளம்புவார். கட்டட வாசலிலேயே அவர் கருவிப்பையோடு எதிரே வந்தார்.

"நேரமாயிடுச்சு, கிளம்பறேன். தூங்குறா. எழுப்பாத." நின்று அவள் முகத்தைப் பார்த்தார். "அழுதியா?"

"தூசி."

"ராத்திரி வந்து பேசலாம். ஒண்ணும் யோசிக்காத." தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மாடிப்படி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்தாள்.

காது அடைத்தது.

இரண்டு காதும். கட்டடத்தின் கதவுகள் எல்லாம் ஒன்றாக ஆடின. கீழே விளையாடிய பிள்ளைகளின் சத்தம் நின்றது. அவள் கழுத்து தானாகப் பின்னால் வளைந்தது. கண் மேலே போனது. கூரைதான் இருந்தது. வெள்ளைக் கூரை, ஒரு பல்லி. பல்லியும் அசையவில்லை.

பிறகு காது திறந்தது. பிள்ளைகள் மறுபடி கத்தினார்கள்.

ஓடினாள். சாவி துளையில் போகவில்லை. இரண்டு முறை கீழே விழுந்தது. கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. இப்போது தேட வேண்டியதில்லை. கூடம், நடை, உள்ளறை வரை ஒரே வாசனை.

உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

கட்டிலில் சுண்டு சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். வெட்டிய தலை, காதுக்குப் பின்னால் வெள்ளைப் புள்ளி. அவளுக்குப் பக்கத்தில், போர்வைக்கு மேலே, இன்னொன்று படுத்திருந்தது.

அதே உயரம். தலை முதல் கால்வரை வெள்ளை மயிர். பஞ்சுபோல மென்மையாக, ஒரு விரல் தடிமனுக்கு எழும்பி நின்றது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை. வாய் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்னக் குழி. குழியின் ஓரத்து மயிர்கள் உள்ளே சாய்ந்தன. வெளியே சாய்ந்தன. உள்ளே. வெளியே.

மூச்சு.

"வந்துட்டேன்டா. அம்மா வந்துட்டேன்" என்று அவள் கட்டிலருகே மண்டியிட்டாள். நன்றி என்று யாருக்கோ சொன்னாள். கையால் நெற்றியைத் துடைத்தாள். மயிர் மடங்கி, தோலோடு இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. புடவைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. பஞ்சால் போகாது, தூரிகையால் போகாது. எதனால் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

குனிந்தாள். நாக்கை வைத்தாள்.

மண் ருசி. பழைய ரொட்டியின் ருசி. குமட்டலை விழுங்கிக்கொண்டு மறுபடி நக்கினாள். ஒரு புருவம் வெளியே வந்தது. ஈரமான இமை ஒன்று. அழுதுகொண்டே நக்கினாள், விழுங்கினாள், நக்கினாள். நெற்றி. மூக்கின் மேடு. கன்னம். தோல் சில்லென்று இருந்தது, ஆனால் உள்ளே சூடு இருந்தது. மேலுதட்டுக்கு வந்தாள்.

நாக்கில் ஒரு மேடு தட்டியது.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேலுதட்டின் நடுவிலிருந்து மூக்குத் துவாரம்வரை ஒரு கோடு. பிறக்கும்போதே பிளந்திருந்த உதட்டை எப்போதோ தைத்த பழைய தழும்பு. யாரோ ஒருத்தி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பட்டினியாக உட்கார்ந்து காத்திருந்து தைக்க வைத்த உதடு. சுண்டுவின் உதட்டில் அப்படி ஒன்று கிடையாது. எந்த நாளும் இருந்ததில்லை.

நீலக் கறை படிந்த பன்னிரண்டு சீட்டுகள் கண்முன் வந்தன. எதை வைத்தால் என்ன, இவற்றுக்குத்தான் தெரியாதே.

காதைத் தீட்டிக் காத்திருந்தாள். அடைக்கவில்லை. சுவர்க்கடிகாரத்தில் மணி ஐந்தரை ஆகியிருந்தது. மூன்று நாள் முடிந்து ஒன்றரை மணி நேரம். எங்கேயோ ஒரு வீட்டில், முகம் தெரியாத ஒருத்தியின் கட்டிலில், அவள் மகள் கிடக்கலாம். அந்தப் பெண் இந்நேரம் நக்கிக்கொண்டிருக்கலாம். இல்லை, தெரிந்துபோய் நிறுத்தியிருக்கலாம். அல்லது எந்த வீட்டிலும் இல்லாமல், கீழ்த்தட்டில், இன்னும்.

கட்டிலில் கிடந்த குழந்தையின் ஒரு கண் திறந்தது. அவளையே பார்த்தது. தழும்பு விழுந்த உதடு அசைந்தது.

"அம்மா."

அவளுக்கு மனசு நிறைந்து வழிந்தது. அதே பாசம், ஒரு துளி குறையாமல். வாயைப் பொத்திக்கொண்டு அலறினாள். சத்தம் வெளியே வரவில்லை. நாக்கு முழுக்க வெள்ளை மயிர் ஒட்டியிருந்தது.

சுவர்ப்பக்கம் படுத்திருந்த சுண்டு விழித்துக்கொண்டாள். தூக்கக் கலக்கத்தோடு இரண்டு பேரையும் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. சுவரோடு ஒட்டி நகர்ந்து, பக்கத்தில் இருந்தவளுக்கு இடம் விட்டாள்.

"நிறுத்தாதம்மா" என்றாள். "முதுகுலயும் இருக்கு."

அவள் அந்தக் குழந்தையை மெதுவாகப் புரட்டி, பிடரியிலிருந்து ஆரம்பித்தாள்.